காதிலிருந்து கழற்றி வைத்த பத்து நிமிஷம்

கொடைக்கானலுக்கு வருகிறவர்கள் ஏரியைச் சுற்றுவார்கள், பேரிக்காய் வாங்குவார்கள், ஜலதோஷம் பிடித்துக்கொண்டு ஊர் திரும்புவார்கள். அங்கிருந்து இருபத்தேழு மைல் தள்ளிக் கிளாவரை என்று ஓர் ஊர் இருக்கிறது என்று சொன்னால், "அங்கே என்ன இருக்கிறது?" என்று கேட்பார்கள். பூண்டு இருக்கிறது. பனி இருக்கிறது. வேறொன்றும் இல்லை என்பதுதான் அந்த ஊரின் விசேஷம். அந்த விசேஷத்துக்காகவே 1943 மாசி மாதத்தில் நான் அங்கே போனேன். இப்போது யுத்தம் முடிந்து மூன்று வருஷம் ஆகிறது. வாயைத் திறக்கமாட்டேன் என்று நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த காகிதத்துக்கும் ஆயுள் முடிந்துவிட்டது. அதனால் தைரியமாக எழுதுகிறேன். அந்தப் பக்கம் போக ஆசைப்படுகிறவர்களுக்கு வழியும் செலவும் தெரிந்தால் உபயோகமாக இருக்கும்.

எனக்கு அப்போது என்ன உத்தியோகம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பொழுது விடிந்தால் ஊர் வம்பு கேட்பது. ஊர் மட்டும் கடல் கடந்த ஊர். லண்டனில் தலைமை வைத்திருந்த ஓர் அலுவலகம், எதிரி நாட்டு வானொலிகள் என்ன பேசுகின்றன என்று ஒட்டுக்கேட்பதற்காக, கொடைக்கானலில் அட்டுவம்பட்டி போகிற வழியில் ஒரு பங்களாவை வாடகைக்கு எடுத்திருந்தது. மலை உயர உயர அலைகள் அதிகம் சிக்கும் என்று யாரோ ஒரு துரை நம்பியிருக்கிறார். நான் அங்கே பொறுப்பாளர். என் கீழே மூன்று பேர். டோக்கியோ, சைகோன், ரங்கூன், சிங்கப்பூர் என்று ஆளுக்கொரு திசையில் காதை வைத்துக்கொண்டு, கேட்டதை எழுதி, இங்கிலீஷாக்கி, ஏழு மணிக்குத் தந்தியில் அனுப்பிவிட வேண்டும்.

இந்த வேலை ஆளை ஒருமாதிரி ஆக்கிவிடும். காலையிலிருந்து தூரத்துக் குரல்களையே கேட்டுக்கொண்டிருந்தால், எதிரில் நின்று பேசுகிறவர் தூரத்தில் இருப்பதுபோலத் தோன்றும். சந்தைக்குப் போவேன். தக்காளிக்காரி விலை சொல்லுவாள். அவள் குரலைக் கொஞ்சம் திருகிச் சரிசெய்தால் நன்றாகக் கேட்குமே என்று விரல் தானாக முறுக்கும். அரைத்தூக்கத்திலேயே இரண்டு வருஷம் நடமாடினேன் என்று சொன்னால் மிகையில்லை.

ஹெட்போனை ஆறு மணி நேரம் மாட்டினால் காது மிளகாய்ப் பழமாகச் சிவந்துவிடும். அதனால் சேர்ந்த முதல் வாரத்திலேயே நான் ஒரு சலுகை கொடுத்தேன். சிங்கப்பூரின் தமிழ்ச் செய்தி மாலை ஆறு மணிக்கு முடியும். அதற்குப் பிறகு பத்து நிமிஷம் "சொந்தச் சேதிகள்" வரும். மலாயாவில் சிக்கிக்கொண்ட நம்மவர்கள் ஊரில் இருக்கும் குடும்பத்துக்குச் சொல்லி அனுப்பும் நலம் விசாரிப்புகள். லண்டனுக்கு வேண்டியது செய்தி மட்டும். ஆகவே அந்தப் பத்து நிமிஷம் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு டீ குடிக்கலாம் என்று உத்தரவு போட்டேன். பதிவேட்டில் அதற்கென்று ஒரு வரி: "6.00 – 6.10. சொந்தச் சேதிகள். முக்கியமில்லை." தினமும் அந்த வரியை எழுதுவது நான்தான். எல்லோரும் என்னை நல்ல மனுஷர் என்றார்கள்.

அந்த வருஷம் தை மாதத்தில் லண்டனிலிருந்து ஒரு கடிதம் வந்தது. மாலைச் செய்திகளில் பாதி விட்டுப்போகிறதே, என்ன காரணம்? காரணம் எங்களுக்குத் தெரியும். ஐந்தரை மணிக்குச் சுற்றியுள்ள பங்களாக்களில் விளக்குப் போட எஞ்சினை ஓட்டுவார்கள். உடனே எங்கள் பெட்டிக்குள் கடலை வறுக்கிற சத்தம் ஆரம்பித்துவிடும். மின்சாரமே இல்லாத இடமாகப் பார்த்துச் சோதித்து எழுதவும், இல்லையென்றால் அலுவலகத்தை வடக்கே மாற்றிவிடுவோம் என்று எழுதியிருந்தார்கள். அப்படித்தான் கிளாவரை வந்தது.

இனி வழி. சென்னை எழும்பூரில் மாலை ரயில் ஏறினால் காலை ஆறு மணி சுமாருக்குக் கொடைக்கானல் ரோடு. அங்கிருந்து மலைக்கு ஐம்பது மைல். பஸ் ஏழரைக்குப் புறப்படும். கட்டணம் இரண்டு ரூபாய் எட்டணா. யுத்த காலத்தில் பெட்ரோல் இல்லாமல் கரிப்புகையில் ஓடிய பஸ் அது. ஏற்றத்தில் நின்று மூச்சுவாங்கி மதியம் ஒன்றரைக்குத்தான் மேலே சேரும். இப்போது பன்னிரண்டுக்கே சேர்ந்துவிடுகிறது என்கிறார்கள். கொடைக்கானலுக்கு மேல் குதிரையும் காலும்தான். மட்டக்குதிரை ஒரு நாளைக்கு ஒரு ரூபாய் நாலணா, ஓட்டுகிறவர் சாப்பாடு தனி.

எனக்குக் குதிரை கொடுத்தவர் காசிம் ராவுத்தர். கொடைக்கானல் பஜாரில் மளிகைக் கடை. சொந்த ஊர் பழனி. ஐம்பது வயது, வெற்றிலை போடாத வாய், கணக்காகப் பேசுவார். மாதம் ஒருமுறை ஆறு குதிரைகளோடு கிளாவரைக்குப் போய்ப் பூண்டு வாங்கி வருவது அவர் வழக்கம். "போறப்ப குதிரைக சும்மாதான போகுது, உங்க பெட்டியை ஏத்துங்க" என்றார். ரேடியோவை ஒரு குதிரையிலும், மோட்டார் பாட்டரி இரண்டை ஒரு குதிரையிலும் கட்டினோம்.

காலை ஐந்தரைக்குப் பஜாரிலிருந்து புறப்பட்டோம். ஊரைத் தாண்டிய சற்று நேரத்திலேயே மேகம் வந்து எங்களுக்குள் புகுந்துகொண்டது. முன்னால் போன குதிரை மறைந்தது. அதன் கழுத்து மணி மட்டும் போய்க்கொண்டிருந்தது. பிறகு ராவுத்தர் மறைந்தார். அவருடைய இருமல் மட்டும் போயிற்று. நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தாலும் மூடினாலும் ஒன்றாக இருந்தது. சோலைக்குள் நுழைந்தால் மரத்துப் பாசியிலிருந்து சொட்டுகிற தண்ணீர் பிடரியில் விழும். வெளியே வந்தால் வெயில் ஒரு கை அகலத்துக்கு வந்துவிட்டுப் போகும். இப்படியே எங்கேயும் போய்ச் சேராமல் போய்க்கொண்டிருந்தால் தேவலை என்று இருந்தது.

பத்தேகாலுக்குப் பூம்பாறை. கொடைக்கானலிலிருந்து பதினோரு மைல். மேலிருந்து பார்த்தால் மலைச்சரிவு பூராவும் படிப்படியாக வயல். அங்கே ஒரு டீக்கடையில் இட்லி கிடைத்தது, கெட்டியில் கல்லுக்கு ஒரு மாற்றுத்தான் குறைவு. குதிரைகள் தண்ணீர் குடிக்கும்வரை ஒரு பாறையில் உட்கார்ந்திருந்தோம். ராவுத்தர் மெதுவாக ஆரம்பித்தார்.

"சார், ஒண்ணு கேப்பேன். தப்பா எடுத்துக்கக் கூடாது."

"கேளுங்க ராவுத்தரே."

"நீங்க என்ன சோலி பாக்குறீங்கன்னு பஜாருக்கே தெரியும். இத்தனை நாளா நான் கேட்டதில்லை, கேக்குறதும் மொறையில்லை. எந்தம்பி சிக்கந்தர் பினாங்குல கடை வெச்சிருக்கான். ஜப்பான்காரன் வந்ததுக்கப்புறம் ஒரு வரி கடுதாசி இல்லை. சிங்கப்பூர் ரேடியோவுல ஆளுக பேரு சொல்றாங்கன்னு பெரியகுளத்துல ஒரு யாவாரி சொன்னாரு. அவன் பேரு உங்க காதுல விழுந்துச்சா? என்ன சொன்னான்னு நீங்க சொல்ல வேண்டாம். விழுந்துச்சு, விழலை, அது மட்டும் போதும்."

"விழலை" என்றேன்.

அது உண்மைதான். அதைவிட நேர்த்தியான உண்மையை நான் வாழ்நாளில் சொன்னதில்லை.

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு விஷயத்தைச் சொன்னார். பினாங்கிலிருந்து புறப்பட்ட ஒரு கப்பல் முழுகிவிட்டதாக ஒரு பேச்சு உண்டு. சிக்கந்தர் அதில்தான் ஏறினார் என்று சொந்தக்காரர்கள் முடிவு கட்டிவிட்டார்கள். சிக்கந்தரின் மனைவி ஜைனப் பழனியில் ராவுத்தர் வீட்டில் இருக்கிறாள். கல்யாணத்தில் கட்டிய கருகமணியைக் கழற்றச் சொல்லிச் சுற்றியிருப்பவர்கள் நச்சரிக்கிறார்கள். அவள் மாட்டேன் என்கிறாள். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை அவளுடைய தகப்பனார் வந்து கையோடு அழைத்துப்போகப் போகிறார்.

"போனா அங்க கழட்ட வெச்சிருவாங்க சார். நல்லதோ கெட்டதோ ஒரு சேதி வரட்டும், அப்புறம் நானே கழட்டுறேங்குறா. வெள்ளிக்கெழமைக்கு இன்னும் ஒம்போது நாளு கெடக்கு. அதுக்குள்ள நான் எங்க போய்ச் சேதி கொண்டாறது?"

வெளியே சொன்னால் ஜெயில் என்பது கையெழுத்துப் போட்ட காகிதத்தில் இருக்கிறது. ஆனால் வாயை அடைத்தது அந்தக் காகிதம் இல்லை. ஏறக்குறைய ஒரு வருஷமாக அந்தப் பத்து நிமிஷமும் நான் டீ குடித்துக்கொண்டிருந்தேன் என்பதை எப்படிச் சொல்லுவது என்று தெரியவில்லை.

அன்றிரவு மன்னவனூரில் தங்கினோம். பூம்பாறையிலிருந்து பத்து மைல், சத்திரம் என்று ஒன்றும் கிடையாது, யாராவது இடம் கொடுத்தால் உண்டு. மறுநாள் காலை கவுஞ்சி, பூண்டி வழியாக ஆறு மைல் நடந்து பதினோரு மணிக்குக் கிளாவரை. ஊர் ஒரு மேட்டில் இருக்கிறது. மேற்கே பார்த்தால் மலைக்குப் பின்னால் மலை, அதற்குப் பின்னால் மலையாள தேசம் என்று கையைக் காட்டுகிறார்கள். நாங்கள் தங்கியது சின்னாண்டி என்ற விவசாயியின் வீட்டில். ராவுத்தருக்கு அவர் பல வருஷத்துப் பழக்கம். ஒருவரையொருவர் மாமா, மாப்ளே என்றுதான் கூப்பிடுவார்கள்.

"என்ன மாமா, பூண்டுக்கு வந்தீகளா, இவுகளுக்கு ஊரு காட்ட வந்தீகளா?"

"ரெண்டுந்தான் மாப்ளே. சார் அந்தப் பெட்டியை வெச்சு ரெண்டு நாளைக்குச் சோதிக்கணுமாம்."

இரண்டு மரத்துக்கு நடுவே பூண்டு வயலின் மேலாக ஏரியல் கம்பி கட்டினேன். சின்னாண்டி அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்தார்.

"இது மழை வருமா வராதான்னு சொல்லுமுங்களா?"

"சொல்லாதுங்க."

"பூண்டு வெலை?"

"அதுவும் சொல்லாது."

"அப்ப என்ன சோலிக்கு இம்புட்டுத் தூரம் தூக்கியாந்தீக?" என்று கேட்டுவிட்டு, குதிரை கழுத்தில் மாட்டாமல் இருக்கக் கம்பியை இரண்டு முழம் உயர்த்திக் கட்டிக் கொடுத்தார்.

மாலை ஐந்தே முக்காலுக்குப் பெட்டியைத் திருப்பினேன். கடலை வறுக்கிற சத்தம் இல்லை. இத்தனை சுத்தமான மௌனத்தை நான் ஹெட்போனில் கேட்டதே கிடையாது. அந்த மௌனத்துக்கு நடுவே சிங்கப்பூர் ஒரு குத்துவிளக்குப்போல நின்றது. செய்தி வாசித்தவர் தொண்டையைச் செருமியதுகூடக் கேட்டது. எதிரில் பனி வயலை மூடிக்கொண்டு வந்தது. பூண்டு வாசனை, ஈரமண் வாசனை, காதில் ஆயிரத்துத் தொள்ளாயிரம் மைலுக்கு அப்பாலிருந்து ஒரு மனிதரின் செருமல். நான் எங்கே இருக்கிறேன் என்பதே எனக்கு மறந்துவிட்டது.

ஆறு மணி. செய்தி முடிந்தது. என் இரண்டு கையும் தானாக எழும்பி ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்தன. பென்சில் அதுபாட்டுக்கு, "6.00 – 6.10. சொந்தச் சேதிகள்" வரைக்கும் எழுதிவிட்டது. நிமிர்ந்தால் ராவுத்தர் இருபதடி தள்ளிக் குதிரைக்குத் தீனி வைத்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வெட்கமாகிவிட்டது. கழற்றியதை எடுத்து மறுபடி மாட்டினேன்.

ஒரு பெண் குரல் பெயர்களை வாசித்துக்கொண்டிருந்தது. தேவகோட்டையில் ஒரு ஆச்சிக்கு மகன் சொல்வது, காய்ச்சல் தேவலை. பரமக்குடியில் ஒரு தகப்பனாருக்கு, பெண் குழந்தை பிறந்திருக்கிறது, பெயர் வைத்து எழுதவும். எழுதவும் என்றால் எங்கே எழுதுவது, எப்படி அனுப்புவது? அதையெல்லாம் யோசிக்கிற நிலையில் அவர்கள் இல்லை. அவசர அவசரமாக ஒரு வாக்கியம், அடுத்த பெயர். பழனி வரவில்லை. பத்து நிமிஷத்தில் எவ்வளவு பேர் வந்து போகிறார்கள் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. இத்தனை நாளும் கதவைத் தட்டினவர்களை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்திருக்கிறேன்.

மறுநாள் பகலெல்லாம் சின்னாண்டியோடு சுற்றினேன். ஊருக்குக் கீழே ஒரு ஓடை இருக்கிறது, அரை மைல், அவசியம் பாருங்கள். தண்ணீருக்குள் கை விட்டால் எலும்பில் ஏறும். புல்மேட்டில் மல்லாந்து படுத்தால் மேகம் மூக்கைத் தொட்டுக்கொண்டு போகிறது. படுத்தேன், தூங்கவும் தூங்கினேன். கனவில்கூட யாரோ பெயர்களை வாசித்துக்கொண்டிருந்தார்கள். ராவுத்தர் பூண்டை எடைபோட்டு மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். நேற்று என்ன கேட்டது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் கையெழுத்தைச் சாக்காகச் சொல்லியிருப்பேன். கேட்காமல் இருந்ததுதான் தாங்கவில்லை.

மாலை ஆறுக்கு ஐந்து நிமிஷம் இருக்கையில் கூப்பிட்டேன். "ராவுத்தரே, இங்க வந்து பக்கத்துல உக்காருங்க."

அவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். ஹெட்போனின் வளையத்தை விரித்து வளைத்தேன். ஒரு காது எனக்கு, ஒரு காது அவருக்கு. இரண்டு தலையும் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தோம்.

பெண் குரல் வந்தது. அலை ஏறி இறங்குவதுபோல நெருங்கி வரும், தேய்ந்து போகும். நாலைந்து பெயர் போயிற்று. "பழனி" என்று கேட்டது, உடனே தேய்ந்தது. ராவுத்தர் என் மணிக்கட்டைப் பிடித்தார். குரல் திரும்பி வந்தது.

"...அண்ணன் காசிமுக்கும் மனைவி ஜைனப்புக்கும் பினாங்கிலிருந்து சிக்கந்தர் மூன்றாம் முறையாகச் சொல்வது. சுகமாக இருக்கிறேன். கடை நடக்கிறது. முன் இரண்டு முறையும் சொன்னது சொன்னதுதான். ஜைனப் தைரியமாக இருக்கவும்."

அடுத்த பெயருக்குப் போய்விட்டது. அவ்வளவுதான், கால் நிமிஷம்கூட இல்லை. ராவுத்தர் "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். திரும்பத் திரும்பச் சொன்னார். கண்ணிலிருந்து தண்ணீர் தாடிக்குள் இறங்கியது, துடைக்கவில்லை. சின்னாண்டி ஓடிவந்தார். "தம்பி இருக்கான் மாப்ளே, உசுரோட இருக்கான்" என்று ராவுத்தர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். எனக்கும் அழுகை வந்தது. சந்தோஷமாக இருந்தது என்று மனதாரச் சொல்கிறேன்.

அந்தச் சந்தோஷம் பெட்டியை அணைக்கும் வரைதான். ராவுத்தர் கணக்கான மனுஷர் என்று சொன்னேன் அல்லவா.

"மூணாவது தடவைன்னு சொன்னாங்கல்ல?"

"ஆமாம்."

"மொத ரெண்டு தடவை உங்க பங்களாவுல கேக்கலையா? அந்த எஞ்சின் சத்தமா?"

எஞ்சின் சத்தம் என்று சொல்லியிருக்கலாம். அவரே வழியும் எடுத்துக் கொடுத்தார். ஆனால் காது உரசக் கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தவரிடம் அது வாயில் வரவில்லை.

"சத்தம் இல்லை ராவுத்தரே. செய்தி முடிஞ்சதும் நாங்க கழட்டி வெச்சிருவோம். அந்தப் பத்து நிமிஷம் யாரும் கேக்கறதில்லை. என் உத்தரவுதான். டீ குடிச்சிக்கிட்டு இருந்திருப்போம்."

அவர் என்னை ஏசியிருந்தால் தேவலை. "வெள்ளனே கெளம்பணும், படுங்க" என்று மட்டும் சொன்னார்.

திரும்பும் வழியைப் பற்றி எழுத அதிகம் இல்லை. போன வழிதான். விடியற்காலை ஐந்துக்குக் கிளம்பி, மன்னவனூரில் தங்காமல், ஒரே மூச்சில் இருபத்தேழு மைலும் நடந்து இரவு எட்டு மணிக்குக் கொடைக்கானல் சேர்ந்தோம். யாரும் அப்படிச் செய்ய வேண்டாம். எனக்கு இரண்டு கால் நகம் போயிற்று. ராவுத்தர் வழி நெடுகப் பாதை விஷயம் தவிர வேறொன்றும் பேசவில்லை. "பாத்து, வழுக்கும்." "இங்கிட்டு வாங்க." பஜாரில் குதிரையை அவிழ்த்த பிறகுதான் சொன்னார்.

"காலைல பழனிக்கு எறங்குறேன். நீங்களும் வாங்க சார். ஜைனப்புகிட்ட நீங்களே சொல்லுங்க. ரெண்டையும் சொல்லுங்க."

மறுநாள் பழனிக்கு வில்பட்டி வழியாகக் குதிரைப்பாதையில் இறங்கினோம். ராவுத்தர் கணக்கில் இருபத்திரண்டு மைல். ஆறரைக்குப் புறப்பட்டால் நாலு மணிக்குச் சேரலாம். கம்பளியோடு ஆரம்பித்து, சுவெட்டரைக் கழற்றி, கடைசியில் சட்டைப் பொத்தானையும் அவிழ்க்க வைக்கிற பாதை அது. பாதி வழியில் ஒரு திருப்பத்தில் கீழே சமவெளி விரிகிறது, அதன் நடுவே பழனிமலை ஒரு கையளவுக்குத் தெரிகிறது. அந்த இடத்தில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். நாங்கள் உட்காரவில்லை.

ராவுத்தர் வீட்டில் என்னை முன்கூடத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். உள்வாசல் திரைக்குப் பின்னால் ஜைனப் வந்து நின்றாள். திரையைப் பிடித்திருந்த விரல் நுனிகள் மட்டும் தெரிந்தன. சேதியை ஒரு எழுத்து விடாமல் சொன்னேன். விரல்கள் அசையவில்லை. உள்ளே வேறு பெண்கள் அழுவதும் சிரிப்பதும் கேட்டது. கடைசியில் ஜைனப் கேட்டாள்.

"முன்னாடி ரெண்டு தடவை சொன்னது சொன்னதுதான்னு சொன்னாங்களேண்ணே. அது என்ன சொன்னாங்க?"

வருகிற வழியெல்லாம் இந்தக் கேள்விக்குத்தான் ஒத்திகை பார்த்திருந்தேன். ஒத்திகை பார்த்ததில் ஒன்றும் மிஞ்சவில்லை.

"தெரியலைம்மா. நான் கேக்கலை. பேசுனப்ப கழட்டி வெச்சிருந்தேன்."

ராவுத்தர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"எனக்குன்னு சொன்னது" என்றாள் அவள். அவ்வளவுதான். பிறகு உள்ளே யாரிடமோ எனக்குச் சாப்பாடு எடுத்துவைக்கச் சொன்னாள். வெள்ளிக்கிழமை அவளுடைய தகப்பனார் வந்தார். இரண்டு வேளை சாப்பிட்டுவிட்டுத் தனியாகவே திரும்பிப் போனார். கருகமணி இருந்த இடத்தில் இருந்தது.

கொடைக்கானலுக்குத் திரும்பிய அன்றே உத்தரவை மாற்றினேன். ஆறு மணிக்கு ஒருவருக்கு இருவராக உட்கார்ந்து எல்லாப் பெயரையும் எழுத வேண்டும். மலாயாவில் நம்மவர் நிலைமை தெரிய இதைவிட நல்ல வழி இல்லை என்று லண்டனுக்கு நீளமாக ஒரு கடிதம் எழுதினேன். பெயர்களைக் குடும்பங்களுக்குத் தெரிவிக்க அவர்களே ஏற்பாடு செய்தார்கள். கிளாவரைக்கு ரோடு இல்லை என்று அலுவலகம் அங்கே போகவில்லை. பக்கத்துப் பங்களாக்காரர்களிடம் வீடுவீடாகப் போய்க் கெஞ்சினேன். ஆறேகால் வரை எஞ்சின் ஓட்டாமல் மெழுகுவத்தி வைத்துக்கொள்ளச் சம்மதித்தார்கள். யுத்தம் முடிகிற வரையில் எங்கள் சுற்றுவட்டாரத்தில் அந்தி அந்தியாகவே இருந்தது. சிக்கந்தரின் பெயர் மட்டும் மறுபடி வரவில்லை. தவறவிட்ட இரண்டையும் வேறு எங்காவது கேட்டு எழுதியிருப்பார்களா என்று எங்களைப்போலவே ஒட்டுக்கேட்ட டில்லி அலுவலகத்துக்கும் எழுதிக் கேட்டேன். எல்லா இடத்திலும் செய்தி முடிந்ததும் கழற்றித்தான் வைத்திருக்கிறார்கள். ராவுத்தர் முன்போல என்னோடு பேச அடுத்த பூண்டு அறுப்பு வரை ஆயிற்று.

போகிறவர்களுக்குச் சில யோசனைகள். மாசி, பங்குனி நல்ல மாதம். ஐப்பசியில் அட்டை கடிக்கும், பாதையும் இருக்காது. கிளாவரை போய்வர நாலு நாள் வையுங்கள். குதிரை, சாப்பாடு, தங்கல் எல்லாம் சேர்த்து ஆளுக்குப் பதினைந்து ரூபாய்க்குள் முடியும். தங்குகிற வீட்டில் காசு நீட்டாதீர்கள், கோபித்துக்கொள்வார்கள். உப்பும் தீப்பெட்டியும் கொண்டுபோய்க் கொடுங்கள். கம்பளி இரண்டு. பழனிப் பாதையில் இறங்குகிறவர்கள் செருப்பை நம்பாதீர்கள். பூண்டு வாங்கினால் குதிரைக்காரரிடம் சொல்லிக் காயவைத்தே மூட்டை கட்டுங்கள், இல்லையென்றால் ரயிலில் பக்கத்துப் பெஞ்சுக்காரர் உங்களோடு பேசமாட்டார்.

1946இல் பினாங்கிலிருந்து கப்பல் வர ஆரம்பித்தது. சித்திரையில் ஒரு நாள் ராவுத்தர் ஆள் அனுப்பினார், பழனி வீட்டுக்குப் போனேன். சிக்கந்தர் முன்கூடத்தில் உட்கார்ந்திருந்தார். மெலிந்த மனிதர், அண்ணனைப்போலவே நிதானம். விஷயம் எல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. நான் ஒன்றுக்காகத்தான் போயிருந்தேன், சுற்றி வளைக்காமல் கேட்டேன். மூன்று வருஷமாகத் தூக்கத்தில்கூடக் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி அது. முதல் இரண்டு முறையும் என்ன சொன்னீர்கள்?

அவர் உள்வாசல் பக்கம் ஒருமுறை பார்த்தார். திரை லேசாக அசைந்தது.

"நல்லா நெனவிருக்குங்க" என்றார். "ஊரு ஒலகமே கேக்கட்டும்னுதான் அப்ப ரேடியோவுல சொன்னேன். வந்த அன்னைக்கே அவகிட்ட சொல்லிட்டேன். இனி அவ ஒருத்தி கேட்டதே போதுங்க."